பதினொரு பேர், பத்து மனுக்கள், ஓர் ஒப்பந்தம்

2023 செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, எங்கள் அலுவலகத்தில் பதினொரு பேரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அச்சடித்த ஒரே மாதிரித் தாள். "சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று அதில் இருந்தது, பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அந்தப் பதினொரு பேரில் இல்லை. முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி என்னைத் தனியாக அழைத்து, "நீங்க சொன்னா கேப்பாங்க தம்பி, பக்குவமாப் பேசிக் கையெழுத்து வாங்கிக் குடுங்க" என்று கேட்டிருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன், அதோடு சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் தூக்கம் போச்சு.

அந்தப் பதினொரு தாள்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் முழுதாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். ஊர் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், இன்னும் அங்கேயே வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

அலுவலகம் காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில், வாடகைக்கு எடுத்த பழைய நகரத்தார் வீட்டில் நடந்தது. முகப்பில் வரவேற்பு மேசை, வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றிக் கணினிகள், இரண்டாங்கட்டில் சர்வர் அறை, தரையில் ஆத்தங்குடிக் கல். வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் தூண்களைத்தான் படம் எடுப்பார்கள். மொத்தம் 49 பேர். அமெரிக்காவில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்குக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் மென்பொருளைப் பராமரிப்பதுதான் பெரிய வேலை, அது போக உள்ளூர்க் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள். சம்பளம் 12,000 ரூபாயில் தொடங்கி முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் போகும். சென்னையில் இதே வேலைக்கு அதிகம் கிடைக்கும், ஆனால் அங்கே வாடகை இருக்கிறது, இங்கே தேவகோட்டையிலிருந்தோ புதுவயலிலிருந்தோ பஸ் ஏறி வந்து இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு இது பெரிய வரம். எங்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

வேலைக்கு ஆள் எடுத்ததும் ஊர் முறையில்தான். இன்னார் மகள், இன்னார் மருமகன், அழகப்பா கல்லூரியில் படித்த பிள்ளை என்று யாராவது ஒருவர் சொல்லித்தான் சேர்ந்தார்கள். முதலாளியை எல்லாரும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு வருவார், மொய் எழுதுவார், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கார் அனுப்புவார். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அவர் உண்மையாகவே அப்படிப்பட்டவர். ஆனால் நியமனக் கடிதம் பாதிப் பேருக்குக் கிடையாது. கையில் கடிதம் இல்லாதவர்கள்கூட முத்திரைத்தாளில் இரண்டு வருட பாண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள், நடுவில் போனால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். பட்டச் சான்றிதழின் அசலை "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நாம் கொடுத்ததெல்லாம் எழுத்தில் இருந்தது, அவர்கள் கொடுத்ததெல்லாம் வாய்ச்சொல்லில் இருந்தது.

இந்த இடத்தில் என் ஐயாவை நினைத்துக்கொள்கிறேன். அம்மா வழித் தாத்தா, பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். அந்தக் காலத்தில் கடல் கடந்து கடைக்கு ஆள் அனுப்பும்போது சம்பளச் சீட்டு என்று ஒன்று எழுதுவார்கள். எந்த ஊர்க் கடை, எத்தனை வருடம் (பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு), மொத்தச் சம்பளம் எவ்வளவு, அதில் முன்பணம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு சீட்டு கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எழுதியவரும் எழுதிக்கொண்டவரும் சொந்தக்காரர்களுக்கும் மேலே பழகியவர்கள், ஆனாலும் எழுதித்தான் அனுப்பினார்கள். உறவு இருக்கிறதே, எழுத்து எதற்கு என்று அவர்கள் நினைக்கவில்லை. எங்கள் கணினிகள் இருந்த வளவில் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட சீட்டுகள் எழுதப்பட்டிருக்கலாம்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்கு நடந்தது

வாடிக்கையாளர் வேலையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது நிஜம். வருமானம் விழுந்தது, ஆளைக் குறைக்காமல் ஓட்ட முடியாது என்ற நிலையும் நிஜமாகவே இருந்திருக்கலாம். நாங்கள் கேட்டது வேறு. ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்பு என்று எழுதிக் கொடுங்கள், "சொந்தக் காரணம்" என்று எங்கள் கையால் ஏன் எழுத வேண்டும்? அப்புறம், பதினொரு பேரும் யார் என்று பார்த்தால் நாலு வருடம், ஐந்து வருடம் வேலை பார்த்தவர்கள், சம்பளம் ஏறியவர்கள். முந்தின வருடம் பன்னிரண்டாயிரத்துக்குச் சேர்ந்த புதுப் பிள்ளைகள் ஒருவரும் பட்டியலில் இல்லை.

ஒன்பது பேர் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "வீட்டுல கேட்டுட்டு வர்றேண்ணே" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்கள். இது ஏதோ திட்டம் போட்டுச் செய்ததில்லை. முதலில் உள்ளே போனது டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் வேலையில், இருந்த ஓர் அக்கா, நாலு வருடம் ஏழு மாதம் சர்வீஸ். அவர் அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்து, அடுத்து நின்ற பிள்ளையின் காதில் "கையெழுத்துப் போடாதே" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை வரிசையில் கடைசி வரை போனது.

இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் பயத்தில். இன்னொருவருக்கு வியாழக்கிழமை ஓர் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு இருந்தது, அசல் சான்றிதழ் அலமாரியில். "போட்டுட்டா இப்பவே எடுத்துட்டுப் போகலாம்" என்றார்கள், போட்டார், ஏற்புக் கடிதத்தையும் சான்றிதழையும் ஒரே உறையில் வாங்கிக்கொண்டு போனார்.

பயத்தில் போட்டவர் ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்து அழுதார். அவருக்கு ஏற்புக் கடிதம் இன்னும் தரவில்லை. ராஜினாமா ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வரும் முன்னால் அதைத் திரும்பப் பெறலாம் என்பது நீதிமன்றங்கள் பலமுறை ஒப்புக்கொண்ட கொள்கை. "கட்டாயத்தின் பேரில் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். 11 மணி சுமாருக்கு அனுப்பினார். நிறுவனத்தின் ஏற்பு மறுநாள் காலை 9.40க்கு வந்தது. அந்தப் பத்தரை மணி நேரம்தான் அவரைக் காப்பாற்றியது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டவன். 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் சென்னையில் ஐ.டி. ஆட்குறைப்பு பெரிய பேச்சாக இருந்தபோது ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். மீட்டிங் அறைக்குள் கூப்பிட்டு, போட்டால் ரிலீவிங் லெட்டர், போடாவிட்டால் அடுத்த வேலைக்கான சரிபார்ப்பில் பெயர் கெடும் என்றார்கள். நான் போட்டேன். அதே ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார் என்று பேப்பரில் படித்தபோதுதான், நமக்கும் சட்டம் இருந்திருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. அதற்கு அடுத்த வருடம், 2016இல், ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் இந்தத் துறைக்கும் பொருந்தும் என்று தமிழக அரசே தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவன் நான்.

நாம் தொழிலாளியா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெஸ்டிங் அக்கா வீட்டுத் திண்ணையில் பத்துப் பேரும் கூடினோம். முதல் கேள்வியே இதுதான். "அண்ணே, லேபர் ஆபீஸ் நமக்கெல்லாமா? அது மில்லுக்கும் மூட்டை தூக்குறவங்களுக்கும்தானே?" இந்த எண்ணம் எங்கள் துறையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பி.இ. படித்தவன், ஏ.சி.யில் உட்காருகிறவன் தொழிலாளி இல்லை என்று நாமே நம்பிக்கொண்டோம், அந்த நம்பிக்கை யாருக்கு லாபம் என்று யோசிக்கவில்லை.

அப்போது நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். அதன் 2(எஸ்) பிரிவு தொழிலாளி யார் என்று சொன்னது: உடலுழைப்பு, திறன்சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை செய்கிற எவரும். தொழில்நுட்ப வேலை என்ற சொல் அதிலேயே இருந்தது. சம்பள உச்சவரம்பு மேற்பார்வை வேலைக்கு மட்டும்தான், அப்போது மாதம் 10,000 ரூபாய். நிர்வாக அதிகாரம் உள்ளவர்கள் வெளியே. ஆக, கோட் எழுதுகிறவரும் டெஸ்டிங் செய்கிறவரும் லட்ச ரூபாய் வாங்கினாலும் தொழிலாளிதான். விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, அன்றாடம் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் எஸ்.கே. மைனி வழக்கில் சொல்லியிருக்கிறது.

அடுத்தது அதே சட்டத்தின் 25-எஃப் பிரிவு. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்ப வேண்டுமானால் காரணத்தோடு ஒரு மாத எழுத்து நோட்டீஸ், அல்லது ஒரு மாதச் சம்பளம். அதற்கு மேல் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஒரு வருடமாகக் கணக்கு. அரசுக்கும் தகவல் தர வேண்டும். டெஸ்டிங் அக்காவுக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 28,000. நாலு வருடம் ஏழு மாதம் ஐந்து வருடமாகிறது. ஐந்து பாதி மாதச் சம்பளம் 70,000, நோட்டீஸ் மாதம் 28,000, மொத்தம் 98,000. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதில் ஒரு பைசா கிடையாது, ஏனென்றால் தானாக விலகுவது ஆட்குறைப்பு ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அச்சடித்த தாளில் "சொந்தக் காரணம்" என்ற சொல் ஏன் இருந்தது என்பது அந்தக் கூட்டலைப் போட்ட பிறகுதான் எல்லாருக்கும் புரிந்தது. திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவருக்கு இன்னொன்றும் இருந்தது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டிக்கு) ஐந்து வருடம் வேண்டும், ஆனால் நாலு வருடத்தோடு ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் ஏற்றிருக்கிறது. முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து அந்த மாதமும் அவரை வேலை செய்ய விட்டிருந்தால் அவர் அந்தக் கணக்கைத் தொட்டிருப்பார். அடிப்படைச் சம்பளம் 14,000க்கு அது 40,385 ரூபாய்.

25-ஜி என்றும் ஒரு பிரிவு இருந்தது. ஒரே வகை வேலையில் கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எங்கள் நிறுவனம் செய்தது நேர் தலைகீழ். எங்கள் கையில் இருந்த பலமான துருப்பு இதுதான்.

வட்டமாகப் போட்ட கையெழுத்து

வேலை போன பத்துப் பேரும் தனித்தனியாக லேபர் ஆபீஸில் 2-ஏ மனு போடுவது என்று முடிவானது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தனி ஆள் சங்கம் இல்லாமலே தகராறு எழுப்ப வழி செய்யும் பிரிவு அது. ஆனால் பத்துத் தனி மனுக்கள் என்றால் பத்துத் தனிப் பேரம், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு தொகை சொல்லி முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து பொதுக் கோரிக்கை வைத்தால்தான் அது கூட்டுப் பேரம். அதற்குப் பதிவு செய்த சங்கம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, கணிசமான ஊழியர்கள் ஆதரித்தால் போதும்.

உள்ளே 38 பேர் மிச்சம், என்னையும் சேர்த்து. எல்லாருக்கும் பயம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது? முதல் பெயர்தான் அடுத்த பட்டியலில் முதல் பெயர். அப்போது புதுப் பிள்ளைகளில் ஒருத்தி, டிபன் பாக்ஸ் மூடியைத் தாளில் கவிழ்த்து வைத்து வட்டம் வரைந்தாள். "இதைச் சுத்திப் போடுவோம் சார், யாரு முதல்னே தெரியாது." அவள் பன்னிரண்டாயிரத்துக்குச் சேர்ந்தவள், பட்டியலில் இல்லாதவள், அவளுக்கு இதில் நேரடி லாபம் எதுவும் கிடையாது. வட்டத்தைச் சுற்றி 19 கையெழுத்து வந்தது. நடுவில் நாலு கோரிக்கை: ஆட்குறைப்புக்குச் சட்டப்படி இழப்பீடு, எல்லாருக்கும் அசல் சான்றிதழ் திரும்ப, பாண்டுத் தொகைக்கு நியாயமான வரையறை, வருடத்துக்கு ஒருமுறை ஊழியர் குழுவோடு சம்பளப் பேச்சுவார்த்தை.

கோரிக்கை மனு போன மறுநாளே வீடுகளுக்குப் போன் வர ஆரம்பித்தது. முதலாளி நேரடியாக மிரட்டவில்லை. "உங்க பொண்ணு என் மேல கேஸ் போட்டிருக்காம்மா, தெரியுமா?" என்று வருத்தமாகக் கேட்டார். சேர்த்துவிட்டவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். கோயில் வாசலில் நிறுத்திப் பேசினார்கள். நகரத்தில் ஒரு நிறுவனத்தை எதிர்த்து நிற்பதற்கும் இங்கே நிற்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. அங்கே ஹெச்.ஆர். அறையோடு முடிந்துவிடும், இங்கே அது சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் அப்பா அவளை மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி மூன்று நாள் பேசாமல் இருந்தார். நான் அவரைப் போய்ப் பார்த்தேன். அவர் பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளை எடுத்துக் காட்டி, "இதுல உங்க பொண்ணு சொந்தக் காரணத்துக்காக நிக்கிறதா எழுதியிருக்கு மாமா, அப்படியா?" என்று கேட்டேன். படித்தார், திருப்பிப் படித்தார். "இது பொய்யில்ல?" என்றார். அதற்கு அப்புறம் சமரசப் பேச்சு நடந்த ஒவ்வொரு தேதிக்கும் அவரே மகளைக் கூட்டி வந்தார்.

சமரச மேசை

முதல் பேச்சு அக்டோபரில், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால். நிறுவனத் தரப்பில் ஒரு வக்கீலோடு வந்தார்கள். சமரச நடவடிக்கையில் எந்தத் தரப்புக்கும் வக்கீல் வரக் கூடாது என்று 36ஆவது பிரிவு சொன்னது. அதிகாரி அதைச் சொன்னதும் வக்கீல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மேசையின் இரண்டு பக்கமும் வேலையைத் தெரிந்தவர்கள்தான் உட்கார வேண்டும், வாதத் திறமைக்குக் காசு கொடுக்க முடிந்தவர் கை ஓங்கிவிடக் கூடாது.

அதே பிரிவின்படி, சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்காக அதே தொழிலில் வேலை செய்யும் இன்னொரு தொழிலாளி பேசலாம். பத்துப் பேரும் எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதலாளி எதிர்ப்புச் சொன்னார்: இவர் டீம் லீட், மேனேஜர் மாதிரி, இவர் தொழிலாளியே இல்லை. அதிகாரி என்னிடம் கேட்ட கேள்விகள் எளிமையானவை. ஆளை எடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா? இல்லை. லீவு நீங்கள் தருவீர்களா? மெயில் எனக்கு வரும், நான் முதலாளிக்கு அனுப்புவேன், அவர் தருவார். சம்பள உயர்வு? கருத்துக் கேட்பார்கள். ஒரு நாளில் பெரும்பகுதி என்ன செய்வீர்கள்? கோட் எழுதுவேன், மற்றவர் எழுதியதைச் சரிபார்ப்பேன். "உட்காருங்க" என்றார்.

பேச்சு நடக்கும் காலத்தில் அந்தத் தகராறு சம்பந்தப்பட்ட வேலை நிலைமைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்பது 33ஆவது பிரிவு. அது எங்களுக்கு உள்ளே கவசமாக இருந்தது. கையெழுத்துப் போட்ட 19 பேரில் ஒருவரையும் அசைக்க முடியவில்லை. ஆயுத பூஜை அன்று கணினிகளுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலைப் பொட்டலம் கட்டும்போது, உள்ளே இருந்த பிள்ளைகள் வெளியே நிற்கும் பத்துப் பேருக்கும் சேர்த்துக் கட்டினார்கள். முதலாளி அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

தேதிகள் தள்ளிக்கொண்டே போயின. தீபாவளி வந்தது, பத்து வீட்டில் சம்பளம் இல்லாத தீபாவளி. முதலில் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் என்றார்கள். அப்புறம், மூன்று பேருக்கு மட்டும் முழு இழப்பீடு, மற்றவர்களுக்குப் பாதி என்றார்கள். இது பிரிக்கும் வழி என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் அந்த மூன்று பேருக்கு அது எவ்வளவு கஷ்டமான ராத்திரியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது. அதில் ஒருவருக்கு வீட்டுக் கடன் தவணை இரண்டு மாதம் நின்றிருந்தது. மூவரும் மறுத்தார்கள்.

திருப்பம் 25-ஜியில்தான் வந்தது. 25-எஃப் நிபந்தனைகளை நிறைவேற்றாமல் செய்த ஆட்குறைப்பு செல்லாது என்று வழக்கில் முடிவானால் மறுபடி வேலையும், வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளமும் தரும் நிலை வரலாம், அதற்கு மேல் சீனியாரிட்டியையும் மீறியிருக்கிறீர்கள் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். வெளியே பெஞ்சில் இருந்த வக்கீலிடம் முதலாளி போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த வக்கீலும் நேர்மையானவர்தான் போல. திரும்பி வந்த முதலாளி, "கணக்கைப் போடுங்க" என்றார்.

டிசம்பர் மூன்றாவது வாரம், அதிகாரி முன்னால், சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. வாடிக்கையாளரின் மிச்ச வேலைக்குத் தேவைப்பட்ட மூன்று பேர் சர்வீஸ் முறியாமல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். ஏழு பேருக்கு 25-எஃப் இழப்பீடும் நோட்டீஸ் மாதமும், டெஸ்டிங் அக்காவுக்குப் பணிக்கொடைக்கு ஈடான தொகையும். ஏழு பேருக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அனுபவச் சான்றிதழில் பாதகமான சொல் எதுவும் இருக்காது. அசல் சான்றிதழ்கள் எல்லாருக்கும் ஏழு நாளுக்குள், இனி வாங்கி வைப்பதில்லை. பாண்டுத் தொகை மாதா மாதம் குறையும், உண்மையில் செலவழித்த பயிற்சிச் செலவுக்கு மேல் கேட்பதில்லை. இனி ஆட்குறைப்பு என்றால் சீனியாரிட்டிப் பட்டியலை முன்கூட்டியே ஒட்ட வேண்டும்.

சமரச அதிகாரி முன்னால் ஏற்படும் ஒப்பந்தத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கையெழுத்துப் போடாதவர்களையும், நாளைக்கு வேலைக்குச் சேரப் போகிறவர்களையும் அது கட்டும், 18(3) பிரிவு. அடுத்த ஜூனில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சான்றிதழைக் காட்டிவிட்டு அப்படியே பையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

கிடைக்காதது

நாலாவது கோரிக்கையை விட்டுக்கொடுத்தோம். வருடாந்திரச் சம்பளப் பேச்சுக்கு ஊழியர் குழு என்ற பேச்சையே முதலாளி எடுக்க விடவில்லை. "காசு தர்றேன், ஆனா நாளைக்கு உங்க சம்பளம் என்னன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து வந்து பேசுறது நடக்காது" என்றார். இதில் நான் இன்னும் வருத்தப்படுகிறேன். பணம் ஒருமுறை வந்து போவது, பேசும் உரிமை நிற்பது. 49 பேர் உள்ள இடத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனால் அன்றைய தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. சங்கத்தைப் பதிவு செய்துவிட்டாலும் முதலாளி அதோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. டிசம்பர் வரைக்கும் சம்பளமில்லாமல் இருந்தவர்களை அதற்காக இன்னும் இழுப்பது நியாயமில்லை என்று தோன்றியது. ஐந்து பேர் அப்புறம் மாநில அளவிலான ஐ.டி. ஊழியர் சங்கம் ஒன்றில் தனித்தனியாக உறுப்பினர் ஆனார்கள், நானும்.

2025 நவம்பர் 21 முதல் நிலைமை மாறியிருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டமும் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் போய், தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. மேற்பார்வை வேலைக்கான சம்பள வரம்பு 18,000. ஆட்குறைப்பில் போகிறவருக்கு மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளம் கூடுதலாகச் சேர்கிறது. விலகினாலும் விலக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும் என்று அதோடு வந்த ஊதியத் தொகுப்பு சொல்கிறது, இரண்டு மாதம் இழுத்தடிக்கும் எங்கள் துறைக்கு இது பெரிய விஷயம். 51 சதவீதம் ஊழியர் ஆதரவுள்ள சங்கம் பேரம் பேசும் சங்கமாக அங்கீகாரம் பெற வழி வந்திருக்கிறது. அதே தொழில் உறவுகள் தொகுப்பில் வேலைநிறுத்தத்துக்கு எல்லா நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்று கையைக் கட்டவும் செய்திருக்கிறார்கள், அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சென்னையில் 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள், அதற்குச் சில வருடம் கழித்துச் சங்கத் தலைவர்கள் மீதே நிறுவனம் வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அநியாயம்தான் 1926 சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். வெறும் காகிதத்தில் வந்த சட்டம் இல்லை அது.

தானாக விலகினால் ஆட்குறைப்பு ஆகாது என்பது புதிய தொகுப்பிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே அச்சடித்த தாள்கள் இன்னும் பல அலுவலகங்களில் தயாராகத்தான் இருக்கும்.

பதினோராவது ஆளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சான்றிதழுக்காகக் கையெழுத்துப் போட்டவர். அந்த அரசு வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் ஆன அன்று ராத்திரி என் வீட்டுக்கு வந்து, நகலை வாங்கி முழுசாகப் படித்தார், அவர் பெயர் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாள் ஆத்தங்குடியில் சித்தப்பாவின் கல் பட்டறையில் கணக்கு எழுதினார். 2024 மார்ச்சில் வந்து, "அண்ணே, இது நானா எழுதினது இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். முடியும், ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. டெஸ்டிங் அக்காவுக்குப் போன் செய்தேன். ஒன்பது பேரும் அன்று கையெழுத்துப் போடாமல் எடுத்து வந்த ஒன்பது தாளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரே எழுத்துரு, ஒரே வாசகம், ஒரே தேதி, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. ஒன்பதையும் வாங்கி ஒரு உறையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். சமரசத்தில் நிறுவனம் பிடிகொடுக்கவில்லை, 45 நாள் கழித்து அவர் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். வழக்கு மதுரையில் நடக்கிறது. சாட்சிப் பட்டியலில் ஒன்பது பேரின் பெயரும், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன கேட்கப்பட்டது என்று சொல்ல என் பெயரும் இருக்கின்றன.